பச்சோந்தி ஸ்டார்ட்டர் கிட்: பெட்டிக்குள் எது தேறும், எது தேறாது

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் பெரிய செல்லப்பிராணிக் கடைகளில் ‘பச்சோந்தி ஸ்டார்ட்டர் கிட்’ என்று ஒரே பெட்டியாக விற்கிறார்கள். மேலே எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான். பிரித்து மாட்டும் அலுமினிய வலைக் கூண்டு, கவிழ்த்த கிண்ணம் போன்ற இரட்டை டோம் விளக்கு, அதற்கு ஒரு வெப்ப பல்பு, ஒரு சுருள் யுவிபி (புற ஊதாக் கதிர்) பல்பு, சொட்டுப் புட்டி, பிளாஸ்டிக் கொடி, ஒட்டவைக்கும் முள் வெப்பமானி, சின்னப் பொட்டலத்தில் கால்சியம் பொடி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கூண்டு, டோம், சொட்டுப் புட்டி மூன்றும் தேறும். யுவிபி பல்பு, வெப்பமானி, பிளாஸ்டிக் கொடி மூன்றும் தேறாது. கால்சியம் பொட்டலத்தை லேபிளைப் படித்த பிறகே திறக்க வேண்டும். பெண் பச்சோந்தி வாங்குவதாக இருந்தால், உயிரைக் காக்கும் பொருள் ஒன்று இந்தப் பெட்டியில் இல்லவே இல்லை. அதைக் கடைசியில் விரிவாகப் பார்க்கலாம்.

இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் ஏமன் பச்சோந்திக்கு உரியவை. ‘வெய்ல்டு’ என்று கடைகளில் அழைக்கப்படுவதும் அட்டைப்படத்தில் பெரும்பாலும் இருப்பதும் இதுதான். தலையில் உயர்ந்த கொண்டை உள்ள இனம். ஏமனின் மேற்கு மலைப்பகுதியும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையும் இதன் சொந்த இடம். அரேபியா என்றதும் பாலைவனம் நினைவுக்கு வரும். இது வாழ்வதோ மலைச்சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும். அங்கே பகலில் நல்ல வெயில், இரவில் குளிர்ச்சி, விடியலில் இலையெல்லாம் ஈரம். கிட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் இந்த மூன்றோடு உரசிப் பார்த்தால் அதன் தரம் தெரிந்துவிடும். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திக்கும் இந்த அளவுகள் ஏறக்குறையப் பொருந்தும். ஜாக்சன் பச்சோந்திக்கு இதைவிடக் குளிர்ச்சி வேண்டும். இந்த அளவுகளை அதற்கு அப்படியே வைக்காதீர்கள்.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் வேலியிலும் புளியமரத்திலும் தென்படும் பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஏமன், பாந்தர் போன்ற வெளிநாட்டு இனங்கள், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை. அவற்றை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வேலியில் இருப்பதை வேலியிலேயே விட்டுவிட வேண்டும்.

கூண்டிலிருந்து தொடங்கலாம். பெட்டியில் இருப்பதிலேயே உருப்படியான பொருள் இதுதான். நான்கு பக்கமும் மேலும் வலை, அடியில் வெள்ளை பிவிசி பலகை, முன்னால் பெரிய கதவு, அதற்குக் கீழே குப்பை அள்ள ஒரு சின்னக் கதவு. ஸ்க்ரூட்ரைவர் ஒன்று இருந்தால் அரைமணி நேரத்தில் எழும்பிவிடும். பிரச்சினை அளவில்தான். மலிவான கிட்டுகளில் 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம், 75 செ.மீ. உயரம் உள்ள கூண்டு வருகிறது. மூன்று மாதக் குட்டிக்கு இது போதும். வளர்ந்த ஆணுக்கு 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம் வேண்டும். ஏமன் பச்சோந்தி எட்டு முதல் பத்து மாதத்தில் ஏறக்குறைய முழு வளர்ச்சியை எட்டிவிடும் என்பதால், சின்னக் கூண்டுக்குக் கொடுத்த பணம் ஒரு வருடம்கூட உழைக்காது. பெரிய கூண்டு உள்ள கிட் கிடைத்தால் அதையே எடுங்கள். குட்டியைப் பெரிய கூண்டில் விட்டால் இரை கண்ணில் படாது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கிண்ணத்தில் வைத்து ஊட்டினால் அந்தச் சிக்கல் வராது.

வாங்கும்போது வலையைத் தடவிப் பாருங்கள். உலோக வலை வேண்டும். கொசுவலை போன்ற ஃபைபர் வலையைச் சுவர்க்கோழிகள் இரண்டே இரவில் கடித்து ஓட்டை போட்டுவிடும். கூண்டுக்கு இரண்டு மாற்றங்கள் கட்டாயம் செய்தாக வேண்டும். முதலாவது வடிகால். அடிப்பலகை தட்டையாக இருப்பதால் தெளிக்கும் நீர் மூலையில் தேங்கி இரண்டாம் வாரமே நாறும். பலகையின் நடுவில் 5 மி.மீ. துளைகள் ஏழெட்டுப் போட்டு, அந்த இடத்தில் ஒரு கனமான செடித்தொட்டியை வைத்தால் பலகை இலேசாகக் குழிந்து நீர் தானே வடியும். கூண்டை நான்கு செங்கல் மேல் தூக்கி, அடியில் அகலமான தட்டு ஒன்றை வையுங்கள். இரண்டாவது, கிளைகளுக்கான பிடிமானம். வலையில் நேரடியாகக் கட்டினால் பாரம் தாங்காமல் தொய்ந்து கிழியும். மூலையில் உள்ள அலுமினியச் சட்டத்திலிருந்து எதிர்ச் சட்டத்துக்கு ஒரு மரக்குச்சியைக் குறுக்கே வைத்து, சட்டத்தையும் குச்சியையும் சேர்த்து கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டால், செடித்தொட்டியைக்கூட அதில் தொங்கவிடலாம்.

கூண்டை எங்கே வைப்பது என்பதைக் கிட்டின் கையேடுகள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. பச்சோந்திக்கு ஆபத்து பெரும்பாலும் மேலிருந்துதான் வரும். பருந்தும் பாம்பும் அதன் பிறவிப் பயம். தரையில் கூண்டை வைத்தால் நடந்து போகும் ஒவ்வொருவரும் அதற்கு மேலிருந்து பாயும் எதிரிதான். அது வெயில் காயும் கிளை நம் கண் மட்டத்துக்கு மேலே இருக்குமாறு மேசை மேல் வையுங்கள். தொலைக்காட்சிக்கு எதிரே வேண்டாம், ஹீட்டர் காற்று நேராக அடிக்கும் இடம் வேண்டாம், கண்ணாடியில் தன் உருவம் தெரியும் இடமும் வேண்டாம். தன் பிம்பத்தைப் போட்டியாளன் என்று எண்ணி நாள் முழுதும் உடல் விரித்து நிற்கும். ஒரு கூண்டுக்கு ஒரே ஒன்று; ‘துணைக்கு’ என்று இரண்டாவதைச் சேர்க்கவே கூடாது.

இனி விளக்கு. கிட்டின் பெரிய குறை இங்கேதான், விலங்கின் உயிர் தொங்குவதும் இங்கேதான். சூரிய ஒளியில் உள்ள யுவிபி கதிர் தோலில் பட்டு, அங்கே உள்ள ஒரு கொழுப்புப் பொருளை டி3 வைட்டமினுக்கு முந்தைய நிலைக்கு மாற்றுகிறது. உடல் சூடு அதை டி3 ஆக்குகிறது. டி3 இல்லாமல் உணவில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. உடல் தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவும். கால்கள் வில்லாக வளையும், தாடை ரப்பர் போல மெத்தென்றாகும், நாக்கை நீட்டி இரை பிடிக்கவும் வலு இருக்காது. வளைந்த எலும்பு பின்பு நிமிராது. ஜன்னல் ஓரம் வைத்தால் வெயில் படுமே என்றால், கண்ணாடி யுவிபி கதிரைத் தடுத்துவிடும்.

கிட்டில் வரும் சுருள் பல்பு யுவிபி தரவே தராது என்பதில்லை. தருகிறது, ஆனால் பல்புக்கு நேர் கீழே ஒரு சின்ன வட்டத்துக்குள் மட்டும். அதுவும் கீழே இறங்க இறங்க விரைவாகத் தேய்ந்துபோகிறது. மேல் வலை வேறு தன் பங்குக்கு மூன்றில் ஒரு பங்கு வரை விழுங்கும்; வலை நெருக்கமாக இருந்தால் அதற்கு மேலும். 60 செ.மீ. அகலக் கூண்டில் பச்சோந்தி ஒரு அடி தள்ளி உட்கார்ந்தால் அதன் முதுகுக்கு எதுவும் எட்டாது. பல்பு பளிச்சென்று எரிவதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். யுவிபி கண்ணுக்குத் தெரியாத கதிர் என்பதால் குறை வெளியே தெரிய மூன்று நான்கு மாதம் ஆகும். தெரியும்போது எலும்பு வளைந்திருக்கும்.

மாற்று தெளிவானது: டி5 ஹெச்ஓ எனப்படும், அதிக ஒளி தரும் மெல்லிய நீள யுவிபி டியூப், பளபளக்கும் ரிஃப்ளெக்டர் உள்ள ஃபிக்சரோடு. 60 செ.மீ. கூண்டுக்கு 24 வாட், 55 செ.மீ. நீள டியூப் பொருந்தும். ஆர்க்கேடியா நிறுவனத்தின் டியூபில் 6 சதவீதம் என்றும், ஸூ மெட் நிறுவனத்தின் ரெப்டிசனில் 5.0 என்றும் எழுதியிருப்பது பச்சோந்திக்கு உரியது. 10.0, 12 சதவீத டியூப்கள் பாலைவனத் தரைப்பல்லிகளுக்கு ஆனவை. வெயில் காயும் கிளையை அதற்கேற்ப இறக்கி, மீட்டரில் அளந்து வைக்கத் தெரிந்தவர்கள் மட்டும் தொடலாம். 6 சதவீத டியூபை மேல் வலையின் மீது வைத்து, விலங்கின் முதுகு வலையிலிருந்து 20 முதல் 23 செ.மீ. கீழே வருமாறு மேல்கிளையைக் கட்டினால் யுவிஐ (புற ஊதாக் கதிரின் வலிமையைச் சொல்லும் எண்) ஏறக்குறைய 3 கிடைக்கும். கணக்கு கிளையிலிருந்து அல்ல, முதுகிலிருந்து; கிளை அதற்கும் கீழே இருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி உண்டு. விலை அதிகம், ஆனால் பல ஊர்களில் ஊர்வன வளர்ப்போர் சங்கங்களில் இரவல் கிடைக்கும். ஒருமுறை அளந்து கிளையைப் பொருத்திவிட்டால் போதும்.

டியூபை மாட்டிய தேதியை அதன் முனையில் மார்க்கரால் எழுதிவையுங்கள். 12 மாதத்தில் வெளிச்சம் அப்படியே இருக்கும், யுவிபி குறைந்திருக்கும். டைமரில் 12 மணி நேரம் எரியட்டும். இரவில் முழு இருட்டு வேண்டும். சில கிட்டுகளில் கொசுறாக வரும் சிவப்பு, நீல ‘இரவு பல்பு’களை மாட்டவே வேண்டாம். அவற்றின் வெளிச்சம் பச்சோந்தியின் கண்ணுக்குத் தெரியும், தூக்கம் கெடும்.

டோமை வைத்துக்கொள்ளலாம். உள்ளே பார்த்து பீங்கான் சாக்கெட்டா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். பிளாஸ்டிக் சாக்கெட் நாளடைவில் சூட்டில் உருகும். இரட்டை டோமில் ஒரு பக்கம் வெப்ப பல்பைப் போட்டு, யுவிபி பல்பு இருந்த பக்கத்தில் பகல் வெளிச்சத்துக்கு 6500 கெல்வின் எல்இடி ஒன்றை மாட்டினால் செடிகளும் நன்றாக வளரும். பெட்டியில் 100 வாட் வெப்ப பல்பு இருந்தால் பல வீடுகளுக்கு அது அதிகம். 60 வாட்டில் தொடங்கிப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்குக் கிளையில் 29 முதல் 30 டிகிரி செல்சியஸ், பெண்ணுக்கும் குட்டிக்கும் 27 டிகிரி. கூண்டின் கீழ்ப்பகுதி 22 முதல் 24 டிகிரி. இரவில் 18 டிகிரிக்கு இறங்கினாலும் நல்லதே. அந்தக் குளிர்ச்சி இதற்கு வேண்டும், எனவே இரவு ஹீட்டர் பெரும்பாலான வீடுகளில் தேவைப்படாது.

டோமை நேராக வலை மேல் கவிழ்த்து வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. சில கிட்டுகளின் படமே அப்படித்தான் இருக்கிறது. பச்சோந்தி கூரை வலையைப் பிடித்துத் தலைகீழாக நடக்கும். சூடான வலையில் பட்டுக் கொண்டையும் முதுகு முள்ளும் வெந்துபோகும். குளிர்ந்திருக்கும்போது அது பல்பை நெருங்கி நிற்கும். உடம்பு உள்ளே சூடேறும்வரை விலகாது, அதற்குள் மேல்தோல் பொசுங்கியிருக்கும். டோமை ஸ்டாண்டில் தொங்கவிட்டு வலையிலிருந்து 10 செ.மீ. மேலே நிறுத்துங்கள். கிளை வலைக்குக் கீழே 20 செ.மீ.க்கு மேல் இருக்கட்டும். சூட்டை அளக்க வேண்டியது கொண்டை நுனி வரும் உயரத்தில்.

அப்படி அளக்க, கிட்டில் உள்ள ஒட்டும் முள்மானி உதவாது. அது பல டிகிரி தவறிக் காட்டக்கூடியது, அதோடு ஒட்டிய சுவரின் சூட்டையே காட்டும். கம்பி முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் மானிகள் இரண்டு வாங்குங்கள்: ஒன்று மேல்கிளையில், ஒன்று நடுவில் ஈரப்பதத்தோடு சேர்த்து. பழைய ஒட்டுமானியின் பசையில் குட்டிப் பச்சோந்தியின் தோல் ஒட்டிக் கிழிவதும் உண்டு. கூண்டுக்குள் பசையுள்ள எதுவும் போகக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் கிட் பாதி சரி. பச்சோந்திக்குத் தேங்கி நிற்கும் நீர் பெரும்பாலும் நீராகவே தெரிவதில்லை. கிண்ணம் வைத்தால் அதில் மலம் கழித்துவிட்டுத் தாகத்தோடு இருக்கும். இலையில் உருண்டு மினுங்கும் துளியைத்தான் அது நக்கும். அதனால் சொட்டுப் புட்டி நல்ல யோசனை. இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு என்று வால்வைத் திருகி, மேலே உள்ள அகன்ற இலை ஒன்றில் விழுமாறு வைத்து, பகலில் ஒரு வேளை இருபது முப்பது நிமிடம் ஓடவிடுங்கள். குழாய் நீரின் உப்பு வால்வில் படிந்து சொட்டு நின்றுபோகும். மாதம் ஒருமுறை வினிகரில் அரைமணி ஊறவைத்துக் கழுவினால் சரியாகும். சில விலை உயர்ந்த கிட்டுகளில் சின்னச் செயற்கை அருவி ஒன்று வருகிறது. ஒரே நீர் சுற்றிச் சுற்றி வருவதால் கழிவும் கிருமியும் அதிலேயே பெருகும், அதை எடுத்துவிடுங்கள்.

கிட் விட்டுவிடும் மறுபாதி, விடியல் ஈரம். விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு நிமிடம், இரவு விளக்கு அணைந்த பின் இரண்டு நிமிடம் நுண்துளியாகத் தெளித்தால் இலைகள் இரவு முழுதும் நனைந்திருக்கும். இரவில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலே போகலாம், பகலில் 30 முதல் 50 சதவீதத்துக்கு இறங்கி இலைகள் காய்ந்துவிட வேண்டும். பகல் சூட்டோடு ஈரமும் சேர்ந்து, காற்றும் அசையாமல் இருந்தால் நுரையீரல் தொற்று எளிதில் வரும். வாயைத் திறந்து மூக்கை மேலே தூக்கி மூச்சு வாங்குவதும், மூச்சில் ‘பட்’ என்ற சத்தமும் அதன் அடையாளம். கையால் அழுத்தும் ஸ்ப்ரே புட்டியே போதும், ஆனால் அதிகாலையில் தினமும் எழுந்து தெளிப்பது யாராலும் நீடிக்காது. மிஸ்ட்கிங் போன்ற பம்பும் நாசிலும் உள்ள அமைப்பு செலவுதான். இருந்தாலும் டியூபுக்கு அடுத்தபடியாகப் பணம் போடத் தகுந்தது இதுவே. சாதாரண டைமர்கள் குறைந்தது 15 நிமிடம் ஓடும். விநாடிக் கணக்கில் அமைக்கும் டைமர் வேண்டும், இல்லையேல் அறையே நனையும். நாசிலுக்கு ஆர்ஓ நீரோ டிஸ்டில்டு நீரோ ஊற்றுங்கள்.

டொராண்டோ போன்ற இடங்களில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குச் சரிந்துவிடும். நான்கு பக்கமும் திறந்த வலைக் கூண்டில் தெளித்தது சில நிமிடங்களில் காய்ந்துபோகும். பின்புறமும் இரு பக்கங்களும் வெளியிலிருந்து ஷவர் திரைத் தாளைச் சுற்றி கிளிப் போடுங்கள். முன்புறத்தையும் மேலேயும் திறந்தே விடுங்கள். காற்று கீழிருந்து மேலே ஓடும், ஈரமும் நிற்கும். நீர் போதுகிறதா என்பதை எச்சம் சொல்லும். கழிவோடு வரும் சுண்ணாம்பு போன்ற பகுதி வெள்ளையாக இருந்தால் நல்லது, நுனியில் மட்டும் மஞ்சள் என்றால் பரவாயில்லை, முழுதும் ஆரஞ்சு நிறமாகிக் கெட்டிப்பட்டால் தாகம்.

பிளாஸ்டிக் கொடியைத் தூக்கிப் போடுவதற்கு ஒரே காரணம் போதும்: ஏமன் பச்சோந்தி இலை தின்னும். பிளாஸ்டிக் இலையையும் கடித்துப் பார்க்கும், விழுங்கினால் குடல் அடைக்கும். நுரை பூசிய வளைக்கும் கொடிகளும் நாளாக ஆக உதிரும். உயிர்ச்செடிகள் இடத்தை நிறைக்கட்டும். மணி பிளான்ட், செம்பருத்தி, குடைச் செடி என்ற ஷெஃப்லரா, ஃபைகஸ் பெஞ்சமினா ஆகியவை எளிதில் கிடைக்கும், கடித்தாலும் தாங்கும். கடையில் வாங்கிய செடியை இலையின் இரு பக்கமும் கழுவி, மண்ணை மாற்றி, மேலே பெரிய கூழாங்கற்களைப் பரப்புங்கள். வாயில் நுழையாத அளவில் கற்கள் வேண்டும். பூச்சிமருந்து வாடை தீர ஒரு மாதம் வெளியே வைத்திருப்பது நல்லது. கிளைகள் விரல் தடிமனிலிருந்து பென்சில் தடிமன் வரை கலந்து, பெரும்பாலும் கிடையாக இருக்கட்டும். தரையில் எதையும் பரப்ப வேண்டாம். தென்னை நார்த்தூள் பை ஒன்று கிட்டில் இருந்தால் அதை வீட்டுச் செடிக்குப் போடலாம்.

கால்சியம் பொட்டலம். லேபிளில் ‘டி3 உடன்’ என்று இருந்தால் அதைத் தினமும் தூவக் கூடாது. தோலில் உருவாகும் டி3-ஐ உடல் தானே அளவோடு நிறுத்திக்கொள்ளும். வாய்வழியே போவதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மிஞ்சினால் தொண்டையின் கீழே பை போல வீங்கும், உள்ளுறுப்புகளில் சுண்ணாம்பு படியும். நல்ல யுவிபி டியூப் இருக்கும் வீட்டில் ஒழுங்கு இதுதான்: ஒவ்வொரு வேளையும் டி3 இல்லாத, பாஸ்பரஸ் இல்லாத வெறும் கால்சியம், மாதம் இரண்டு முறை மட்டும் டி3-யும் வைட்டமின் ஏ-யும் சேர்ந்த கலவை. ரெபாஷி நிறுவனத்தின் கால்சியம் ப்ளஸ் லோ-டி இரண்டாவதற்குப் பொருந்தும். வைட்டமின் ஏ-யை மறந்துவிட்டால் கண் இமை வீங்கி மூடும், தோல் சரியாக உரியாது, நாக்கு குறி தவறும். பூச்சியை ஒரு கோப்பையில் போட்டு ஒரு சிட்டிகை பொடியோடு குலுக்கினால் போதும். மாவில் புரட்டிய பஜ்ஜி போல வெள்ளையானால் பச்சோந்தி தின்னாது.

உணவைப் பற்றிக் கிட்டில் ஒன்றும் இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவர்க்கோழி, டூபியா கரப்பான், பட்டுப்புழு, கருப்புச் சிப்பாய் ஈயின் புழு என மாற்றி மாற்றி. இரையின் நீளம் பச்சோந்தியின் தலை அகலத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும் வயிறு கொள்ளுமளவு, வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு. பூச்சிகளுக்கு 24 மணி நேரம் முன்பே நல்ல தீனி போடுங்கள்: கடுகுக்கீரை, காலர்டு கீரை, பரங்கிக்காய், கேரட், முருங்கைத் தூள். நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது பாலக் கீரைதான்; அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அது வேண்டாம். தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளை இரவுக்குள் எடுத்துவிடுங்கள். தூங்கும் பச்சோந்தியை அவை கடிக்கும்.

இனி அந்த இல்லாத பொருள். முட்டையிடும் தொட்டி.

கடையில் பெண் ஏமன் பச்சோந்திகள் ஆணைவிட விலை குறைவு. ஆணா பெண்ணா என்று அறியப் பின்னங்காலைப் பாருங்கள்: குதிகாலில் சின்ன முடிச்சு போன்ற முள் இருந்தால் ஆண். பிறந்த அன்றிலிருந்தே அது இருக்கும். முள் இல்லாதது பெண். பெண் பச்சோந்தி ஆணைப் பார்த்தே இராவிட்டாலும் முட்டை போடும், கோழியைப் போல. ஐந்து ஆறு மாதத்திலேயே தொடங்கலாம். தோண்டுவதற்கு மண் இல்லையென்றால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும், அது அடைத்து உயிரைக் குடிக்கும். வெறும் பிவிசி தரையுள்ள ஒரு பெட்டியைப் ‘பச்சோந்திக்கு வேண்டிய எல்லாம்’ என்று எழுதி விற்பதில் பெரிய பிழை இதுதான். அட்டையில் ஒரு வரி எச்சரிக்கை அச்சிட்டாலே எத்தனையோ உயிர்கள் பிழைக்கும்.

செய்வது கடினமே இல்லை. 30 செ.மீ. நீள அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள பிளாஸ்டிக் வாளியோ டப்பாவோ எடுத்து, கழுவிய விளையாட்டு மணலை 20 செ.மீ. உயரம் நிரப்புங்கள். நீர் ஊற்றிப் பிசைந்து, விரலால் சுரங்கம் போட்டால் இடியாமல் நிற்கும் பதம் வரவேண்டும். அடியில் நீர் தேங்கினால் அதிகம். நான்கு மாதம் ஆனதும் இதைக் கூண்டுக்குள் நிரந்தரமாக வைத்து, அதற்குள் இறங்க ஒரு கிளையைச் சாய்த்துவிடுங்கள். இரை மறுப்பதும், ஓயாமல் கீழே இறங்கி நடப்பதும், தோலில் மஞ்சளும் நீலமும் கூடுவதும் நேரம் நெருங்கியதன் அறிகுறி. அப்போது கூண்டின் கீழ்ப்பாதியைத் துணியால் மூடி, யாரும் எட்டிப் பார்க்காமல் விடுங்கள். தோண்டும்போது ஒருவர் பார்த்துவிட்டால் பாதியில் நிறுத்திவிடும். ஒன்றிரண்டு நாளில் முட்டையிட்டு, மண்ணை மூடி மெலிந்து மேலே வரும். தோண்டாமல் பகலில் கண்ணை மூடிக் கீழே கிடந்தால் அன்றே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

முட்டை எண்ணிக்கை நம் கையில் கொஞ்சம் இருக்கிறது. சூடும் தீனியும் அதிகமானால் ஒரு ஈட்டில் 60, 80 என்று போகும். ஒவ்வொரு ஈடும் அதன் ஆயுளைக் கரைக்கும். கிளையில் 27 டிகிரிக்கு மேல் போகாமல், வளர்ந்த பின் வாரத்துக்கு மூன்று வேளை மட்டும் அளவாக உணவு கொடுத்தால் ஈடு சிறுக்கும், சில பெண்களில் வராமலும் போகும். 100 வாட் பல்பை எடுத்து வைக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

ஆக, கிட்டை வாங்கலாமா? பெரிய கூண்டுள்ள பெட்டி தள்ளுபடியில், கூண்டும் டோமும் தனியாக வாங்கும் விலைக்குள் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். மற்றவற்றை இலவசமாக வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கூண்டுப் பெட்டியை எந்த விலையிலும் பரிந்துரைக்க முடியாது. டியூப், டிஜிட்டல் மானிகள், செடிகள், சரியான பொடிகள், தெளிப்பான் எல்லாம் சேர்த்தால் கிட் விலையைப் போல இன்னும் ஒன்றரை இரண்டு மடங்கு ஆகும். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே விலங்கை முடிவு செய்யுங்கள். காட்டில் பிடித்ததை வேண்டாம் என்று சொல்லி, கூண்டில் பிறந்த மூன்று மாதம் கடந்த குட்டியைக் கேளுங்கள். ஆண் என்றால் ஆறு முதல் எட்டு வருடம் உங்களோடு இருக்கும்.

கூண்டு வாங்கிய அன்றே பச்சோந்தியையும் கொண்டுவர வேண்டாம். செடியும் விளக்கும் தெளிப்பானும் போட்டு ஒரு வாரம் காலியாக ஓட்டுங்கள். காலை விளக்கு எரியும் முன், நண்பகல், மாலை, நள்ளிரவு என நான்கு வேளை மேல்கிளைச் சூட்டையும் நடு ஈரப்பதத்தையும் எழுதிவையுங்கள். நண்பகலில் குட்டிக்கு உரிய 27 டிகிரியைத் தாண்டினால் டோமை இரண்டு விரற்கடை தூக்குங்கள். மதியம் இலை இன்னும் ஈரமாக இருந்தால் தெளிக்கும் நேரத்தைக் குறையுங்கள். தட்டில் நீர் வடிகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். ஏழு நாள் எண்கள் ஒன்றுபோல வந்தால் எட்டாம் நாள் குட்டியைக் கொண்டுவாருங்கள். வந்த முதல் வாரம் அதைக் கையில் எடுக்காமல், முதல் எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்து ஒட்டுண்ணிச் சோதனைக்குக் கொடுங்கள்.